சேவ் வேறு, எக்ஸ்போர்ட் வேறு

படம் திருத்துகிற இலவச மென்பொருள் கிம்ப், அதன் 2.8 பதிப்பு வந்தது 2012 மே மாதம். எல்லாவற்றையும் ஒரே விண்டோவில் வைத்துக்கொள்ளலாம் என்று ஆசையாக ஏற்றி, ஒரு போட்டோவைத் திருத்திவிட்டு கண்ட்ரோல் எஸ் அடித்தால், இங்கே எக்ஸ்சிஎஃப் (கிம்ப்பின் சொந்த ஃபைல் வகை) மட்டும்தான், ஜேபெக் வேண்டுமென்றால் எக்ஸ்போர்ட்டுக்குப் போ என்று திருப்பி அனுப்பியது. அன்று நான் திட்டாத திட்டு இல்லை. இன்று கேட்டால் கிம்ப் செய்தவர்கள் பக்கம்தான் பேசுவேன்.

காரணம், அதற்கு முந்தைய 2.6-இல் நான் பட்டது. ஊர்க் கோயில் கொடைக்கு நோட்டீஸ், இருபதுக்கு மேல் லேயர் (எழுத்து, படம் எல்லாம் தனித்தனி அடுக்காக, தனித்தனியாகத் திருத்தலாம்). ராத்திரி ஜேபெக்காக சேவ் செய்தேன். லேயர்களை ஒன்றாக்கித்தான் போட முடியும் என்று ஒரு பெட்டி வந்தது, சரி என்று தட்டினேன். திரையில் லேயர் எல்லாம் அப்படியே இருக்கிறது, மேலே பெயர் மட்டும் ஜேபெக். மூடினேன், ஒரு வார்த்தை கேட்காமல் மூடிக்கொண்டது. காலையில் உபயதாரர் ஒருவருக்கு இனிஷியல் தப்பு என்று போன். திறந்தால் ஒரே ஒரு லேயர். அந்த எழுத்து உட்கார்ந்திருந்தது அம்மன் புடவை மடிப்பின் மேல். ஒரு எழுத்தை எடுத்துவிட்டு மடிப்பை குளோன் டூலால் (பக்கத்து இடத்தை நகலெடுத்துப் பூசுகிற கருவி) ஒட்டுப்போட இரண்டு மணி நேரம்! போதாததற்கு ஜேபெக்கை மறுபடி ஜேபெக்காக்கினால் எழுத்தோரமெல்லாம் அழுக்குப் படிந்த மாதிரி ஆகிவிடும்.

ஆக, சேவ் என்றால் நாளைக்கு வந்து தொடர முடிய வேண்டும். ஜேபெக் அடுத்தவருக்குக் கொடுக்கிற பிரதி, அதற்கு அந்தப் பெயர் பொருந்தாது. போட்டோஷாப்பும் 2021-இல் லேயர் உள்ள படத்தின் ஜேபெக்கை 'சேவ் எ காப்பி'க்குத் தள்ளியது, கூச்சல் கிளம்பியதும் பழைய வழிக்குப் போக செட்டிங்கில் ஓர் இடம் வைத்துக் கொடுத்தார்கள்.

ஆனால் கிம்ப் மேல் எனக்கு ஒரு கோபம் இன்னும் இருக்கிறது. விண்ணப்பத்துக்கு ஒரு போட்டோ, ஓரத்தை வெட்டினால் போதும், அவ்வளவுதான் வேலை. இதற்கென்றே, திறந்த ஃபைல் மேலேயே எழுதிவிட, ஃபைல் மெனுவில் 'ஓவர்ரைட்' இருக்கிறது (எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்?). அதைச் செய்துவிட்டு மூடினாலும் சேவ் செய்யவில்லையே என்று வந்து நிற்கும். 2.10-இல் அந்தப் பெட்டியிலேயே இன்ன ஃபைலுக்கு எக்ஸ்போர்ட் ஆகிவிட்டது என்றும் எழுதியிருக்கிறது, அப்புறம் என்ன கேள்வி? ஒரே லேயர், உள்ளே இழப்பதற்கு ஒன்றும் இல்லை. இருபது லேயர் இருந்தால் கத்து, ஒன்று இருந்தால் பேசாமல் போ என்று வைத்திருக்கலாம். எல்லாவற்றுக்கும் ஒரே கேள்வி கேட்டுக் கேட்டு, பெட்டி வந்தாலே சேவ் செய்யாமல் மூடுகிற டிஸ்கார்டைத் தட்டக் கை பழகிவிட்டது. போன மாதம் ஒரு கல்யாண பேனர், எக்ஸ்போர்ட் முடிந்தது, பெட்டி வந்தது, தட்டிவிட்டேன். இப்போது அவர்கள் அதே பேனரை வரவேற்புக்குத் தேதி மட்டும் மாற்றிக் கேட்கிறார்கள்.