ஐந்தாவது டவுனை அதிர்ஷ்டக் கணக்கில் எழுதாதீர்கள்

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் ரசிகர்களிடம் இரண்டு புலம்பல் ஓயவே ஓயாது. எங்கள் அணி தோற்றால் நடுவர் கவிழ்த்துவிட்டார். எதிரணி ஜெயித்தால் அது வெறும் லக். இந்த இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டுவதுதான் எனக்கு ஒப்பவில்லை.

2013 ஆபர்ன் அணியைப் பாருங்கள். ஜார்ஜியாவுக்கு எதிராகக் கடைசி நிமிடத்தில் வீசிய பந்து, தடுக்க வந்தவர் கையில் பட்டுத் தெறித்து ஆபர்னின் ரிக்கார்டோ லூயிஸிடம் போய்ச் சேர்ந்தது. 43-38. இரண்டு வாரம் கழித்து அலபாமா கோல் கம்பத்தை நோக்கி உதைத்த 57 யார்டு உதை எட்டாமல் விழ, ஆபர்னின் கிறிஸ் டேவிஸ் அதைப் பிடித்து மறுமுனை வரை ஓடினார். 34-28. முதலாவது சுத்த அதிர்ஷ்டம். இரண்டாவதில் கம்பத்தடியில் ஆளை நிறுத்திவைத்த மூளையும் இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், அந்தக் கடைசி ஒரு விநாடியைக் கடிகாரத்தில் திரும்பப் போடும்படி வாதாடி வாங்கியவர் அலபாமா பயிற்சியாளர் நிக் சேபனேதான்! வயிறு எரியலாம், ஆனால் யாரையும் குற்றம் சொல்ல முடியாது.

1990 அக்டோபர் 6 வேறு ரகம். மிசௌரியின் கொலம்பியா நகரம். 27-31 எனப் பின்தங்கியிருந்த கொலராடோ கோல் கோட்டை நெருங்கிவிட்டது. கையில் நான்கு டவுன், அதாவது நான்கு வாய்ப்பு. முதலில் கடிகாரத்தை நிறுத்தப் பந்தைத் தரையில் அடித்தார்கள்; அதுவும் ஒரு வாய்ப்பாகவே கணக்கு. அடுத்து எரிக் பியெனமி ஓடினார், மடக்கினார்கள். டைம் அவுட். அந்த இடைவெளியில் டவுன் எண்ணைக் காட்டும் பலகையை மாற்ற மறந்துவிட்டார்கள். மறுபடி பியெனமி, மறுபடி தடுப்பு. மறுபடி பந்து தரையில். அதோடு கதை முடிந்திருக்க வேண்டும். ஐந்தாவதாக ஒன்று கிடைத்தது. சார்லஸ் ஜான்சன் உள்ளே பாய்ந்தார். 33-31.

பலகை சரியாக இருந்திருந்தால் நான்காவதில் பந்தைத் தரையில் அடித்திருக்கவே மாட்டார்கள் என்பது கொலராடோ ரசிகர்களின் வாதம். சரி, நியாயம்தான். ஆனால் ஒன்று முதல் நான்கு வரை எண்ணுவதில் அபிப்பிராய பேதத்துக்கு இடம் ஏது? இரு அணிகளும் ஆடிய போட்டித் தொடரின் பிக் எய்ட் அமைப்பு நடுவர்களை இடைநீக்கம் செய்தது. முடிவு மட்டும் மாறவில்லை.

அதே கொலராடோ 1991 புத்தாண்டு நாளில் ஆரஞ்ச் பவுல் ஆட்டத்தில் நோட்ர டேமை 10-9 என வென்றது. கடைசி நிமிடத்தில் நோட்ர டேமின் 'ராக்கெட்' இஸ்மாயில் ஓடி முடித்த டச்டவுனை, அவர் அணியினர் எதிராளியைப் பின்னாலிருந்து தாக்கியதற்காக நடுவர் வீசிய கொடி ரத்து செய்தது. இது தீர்ப்பு சார்ந்தது. இதைப் பற்றி ராத்திரி முழுக்க வாதாடலாம், நானும் வருகிறேன். ஏபி செய்தி நிறுவனத்தின் வாக்கெடுப்பில் கொலராடோ தேசிய சாம்பியன். பயிற்சியாளர்கள் வாக்கெடுப்பில் ஜார்ஜியா டெக் ஒரே ஒரு புள்ளியில் முந்தியது. ஐந்தாவது டவுன் எவ்வளவு தூரம் போய் விழுந்தது, பாருங்கள்.

1940-இல் கார்னெலும் இப்படி ஒரு ஐந்தாவது டவுனில்தான் டார்ட்மத்தை 7-3 என வென்றது. படச்சுருளைப் போட்டுப் பார்த்தார்கள், தவறு தெரிந்தது, வெற்றி வேண்டாம் என்று தந்தி கொடுத்தார்கள். டார்ட்மத் 3-0. அதுவரை 18 ஆட்டங்களில் தோல்வியே காணாத அணி கார்னெல்.

கொலராடோ பயிற்சியாளர் பில் மெக்கார்ட்னியோ ஆட்டம் முடிந்ததும் தரை வழுக்குகிறது என்று மைதானத்தைக் குறை சொன்னார். மிசௌரி அவர் படித்து, விளையாடிய கல்லூரி.