பிள்ளை போதும் என்றால் விட்டுவிடுங்கள்

போன மாதம் ரத்தப் பரிசோதனை முடிவோடு ஓர் உணவு ஆலோசகர் முன்னால் உட்கார்ந்திருந்தேன். சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது. என்ன சாப்பிடுகிறேன், எத்தனை மணிக்கு என்றெல்லாம் கேட்டு எழுதிக்கொண்டவர், கடைசியாக ஒன்று கேட்டார்: "வயிறு நிறைஞ்சிடுச்சுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

எனக்குப் பதில் வரவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "தட்டு காலியாகும்போது" என்றேன். சொன்ன பிறகுதான் அது உறைத்தது. 46 வயதாகிறது. பசி எப்போது அடங்கியது என்று என் வயிற்றைக் கேட்டு நான் ஒரு நாளும் எழுந்ததில்லை. தட்டைப் பார்த்துத்தான் எழுந்திருக்கிறேன். அன்றிலிருந்து இதே யோசனையாக இருக்கிறது, எழுதிவிடுகிறேன்.

எங்களுக்குக் கோவில்பட்டிக்குக் கிழக்கே கரிசல் காட்டு ஊர். வீட்டில் சாப்பாட்டுக்கு இருந்த முதல் சட்டம், ஒரு பருக்கை மிச்சம் வைக்கக்கூடாது. கீழே சிந்தினால் பொறுக்கித் தட்டில் போட்டுக்கொள்ள வேண்டும். பரிமாறுவது அம்மா. எவ்வளவு என்று முடிவு செய்வதும் அம்மா. முடிப்பது மட்டும் எங்கள் வேலை. ஒத்தைக் கரண்டி போடக்கூடாது என்று ஒரு நம்பிக்கை வேறு, அதனால் எப்போதும் இன்னொரு கரண்டி சேர்ந்து விழும். கை காயக் காய உட்கார்ந்திருந்தாலும் எழ முடியாது. ஒரு நாள் மதியம் போட்ட குழம்புச் சோற்றோடு சாயங்காலம் ஆடு திரும்பும் வரை திண்ணையில் உட்கார்ந்திருந்தது இன்னும் நினைவிருக்கிறது. ஆறிப்போன அந்தச் சோற்றை அழுதுகொண்டே முடித்தேன். அம்மா தலையைத் தடவி, "நல்ல பிள்ளை" என்றார். நல்ல பிள்ளையாக இருப்பதும் தட்டைக் காலி செய்வதும் ஒன்று என்று அன்றைக்கு என் மனதில் பதிந்துவிட்டது.

அம்மாவைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவர் பிறந்தது 1957. நாட்டில் உணவுத் தட்டுப்பாடு வந்த 1965, 66 ஆண்டுகளில் எட்டு ஒன்பது வயதுப் பிள்ளை. திங்கட்கிழமை இரவுச் சாப்பாட்டை விட்டுக்கொடுங்கள் என்று பிரதமர் சாஸ்திரி மக்களைக் கேட்டுக்கொண்ட காலம் அது. 1967 தேர்தலில் 'ரூபாய்க்கு மூன்று படி அரிசி' என்ற வாக்குறுதி ஊரையே புரட்டிப்போட்டது என்றால், அரிசி எந்த நிலையில் இருந்தது என்று நினைத்துப் பாருங்கள். எங்கள் பக்கம் கம்பு, சோளம், குதிரைவாலிதான். அரிசிச் சோறு தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வரும். நீங்கள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது சாப்பாட்டுக்கு என்ன சட்டம் என்று அம்மாவிடம் கேட்டேன். "எங்களுக்கு என்ன சட்டம்? இருந்தாச் சாப்பிட்டோம். இல்லாட்டி தண்ணியக் குடிச்சிட்டுப் படுத்தோம்" என்றார். அப்படி வளர்ந்தவருக்குப் பிள்ளை தட்டில் சோற்றை மிச்சம் வைப்பதைப் பார்க்க எப்படிப் பொறுக்கும்? அந்தச் சட்டத்தில் இருந்தது கண்டிப்பு மட்டும் இல்லை, பயமும் அன்பும் கலந்து இருந்தன.

ஆனால் பஞ்சத்தில் பிறந்த சட்டம், தினமும் மூன்று வேளை வெள்ளைச் சோறும் இட்லியும் தோசையும் கிடைக்கிற வீட்டிலும் அப்படியே நடக்கிறது. அங்கேதான் சிக்கல்.

அமெரிக்காவில் லீயான் பிர்ச் என்ற உளவியல் ஆய்வாளர் குழந்தைகளின் சாப்பாட்டுப் பழக்கத்தைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். அவரும் குழுவினரும் 1987இல் வெளியிட்ட ஆய்வில் பள்ளிக்குப் போகாத வயதுப் பிள்ளைகளை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவிடம் பசிக்கிறதா, வயிறு நிறைந்ததா என்று பேசிப் பழக்கினார்கள். இன்னொரு பிரிவுக்குத் தட்டைக் காலி செய்தால் பரிசு. பிறகு சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு சிற்றுண்டி கொடுத்துப் பார்த்தார்கள், சில நாள் கலோரி கூடியது, சில நாள் குறைந்தது. முதல் பிரிவுப் பிள்ளைகள் சிற்றுண்டி கனமாக இருந்த நாளில் அடுத்த சாப்பாட்டைத் தாமாகவே குறைத்துக்கொண்டார்கள். தட்டைப் பார்த்துப் பழகியவர்களிடம் அந்தக் கணக்கு தெரியவில்லை. சின்ன ஆய்வுதான். ஆனால் படித்தபோது, திண்ணையில் உட்கார்ந்திருந்த என்னைத்தான் யாரோ பார்த்து எழுதியதுபோல இருந்தது.

அன்னதானத்தைப் பற்றி நம் ஊரில் ஒன்று சொல்வார்கள். பொன்னும் பொருளும் எவ்வளவு கொடுத்தாலும் வாங்குகிறவன் போதும் என்று சொல்ல மாட்டான், சோறு போட்டால் மட்டும்தான் வாயால் போதும் என்பான். எத்தனை பந்தியில் இதைக் கேட்டிருப்போம்! போதும் என்ற சொல்லை அவ்வளவு உயர்த்திப் பேசுகிற நாம், வீட்டில் ஐந்து வயதுப் பிள்ளை அதே சொல்லைச் சொன்னால் ஏற்பதில்லை. விருந்துக்குப் போனாலும் அதே கதை. இலைக்கு மேல் கையை மறித்தால் விரல் இடுக்கு வழியாகச் சாம்பாரை ஊற்றுவோம். அதை உபசரிப்பு என்கிறோம். பெரியவர்கள் சிரித்துச் சமாளித்துவிடலாம், பிள்ளைக்கு வேறு வழி இல்லை.

இதற்கு நேர் மாறாக நடந்தது பள்ளிக்கூடத்தில். சத்துணவுத் திட்டம் 1982 ஜூலை 1இல் தொடங்கியது. நான் பள்ளியில் சேர்ந்தபோது அதற்கு இரண்டு வயதுதான். எங்கள் சத்துணவு ஆயா ஒரு கரண்டி போட்டுவிட்டு முகத்தைப் பார்ப்பார். "போதுமா தாயி, இன்னும் வேணுமா?" என்பார். போதும் என்றால் அடுத்த பிள்ளைக்குப் போய்விடுவார். வேண்டும் என்றால் திரும்பி வருவார். எங்கள் வரிசையில் யாரும் சோற்றைக் கொட்டிய நினைவு எனக்கு இல்லை. பருக்கை மிச்சம் வைக்கக்கூடாது என்பது அங்கேயும் சட்டம்தான். ஆனால் அளவு எங்கள் வாயிலிருந்து வந்தது.

நான் சொல்ல வருவது இவ்வளவுதான். சட்டம் தப்பில்லை. அளவை ஒருவர் முடிவு செய்து, முடிக்கும் பாரத்தை இன்னொருவர் தலையில் வைப்பதுதான் தப்பு.

பெண் பிள்ளைகளுக்கு இது இரண்டு மடங்கு. பள்ளியில் கொன்றை வேந்தன் படித்தோம், 'உண்டி சுருங்குதல் பெண்டிர்க்கு அழகு' என்று வாய்ப்பாடாக ஒப்பித்தோம். வீட்டில் தம்பிக்கு முழு முட்டை, எனக்குப் பாதி. மீன் குழம்பு என்றால் நடுத்துண்டு அப்பாவுக்கும் தம்பிக்கும். இன்னொரு தோசை கேட்டால், "போற வீட்டுல என்ன சொல்லுவாக?" சபையில் இப்படிக் குறைத்துச் சாப்பிடச் சொன்ன அதே வீடு, அடுப்படியில் வேறு பாடம் நடத்தியது. எல்லோரும் எழுந்த பிறகு அம்மா உட்காருவார். பிள்ளைகள் வைத்த மிச்சம், சட்டியின் அடியில் ஒட்டியது, காலையில் மீந்த இரண்டு இட்லி, எல்லாம் அவர் தட்டுக்கு வரும். குழம்பில் துண்டு இருக்காது, சோறு மட்டும் இருக்கும். வீணாகப் போகக்கூடாது என்று தன் வயிற்றில் போட்டுக்கொண்டார். கல்யாணமானதும் நானும் அதைத்தான் செய்தேன். யாரும் சொல்லித் தரவில்லை, பார்த்தே வந்துவிட்டது.

தேசியக் குடும்ப நல ஆய்வின் 2019-21 கணக்குப்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 40.4 சதவீதம் பேருக்கு எடை அதிகம். 2015-16இல் இது 30.9 ஆக இருந்தது. அதே ஆய்வில் ரத்தசோகை உள்ள பெண்கள் 53.4 சதவீதம். காரணங்கள் பல, எல்லாவற்றையும் சாப்பாட்டுத் தட்டின் மேல் போட முடியாது. ஆனால் சோறு கூடவும், முட்டையும் மீனும் கீரையும் குறையவும் வந்து சேர்கிற அந்தக் கடைசிப் பந்தியை நினைக்காமல் இந்த இரண்டு எண்களையும் சேர்த்துப் படிக்க என்னால் முடியவில்லை.

மிட்டாய் காட்டிப் பாகற்காய் ஊட்டுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிள்ளைக்கு அதில் பதிவது ஒன்றுதான்: பாகற்காய் தண்டனை, மிட்டாய் பரிசு. இன்றைக்கும் வேலையில் ஒரு கஷ்டமான நாள் முடிந்தால் என் கை இனிப்பு டப்பாவைத்தான் தேடுகிறது.

"அப்போ பிள்ளை இஷ்டத்துக்கு விட்டுடலாமா? சிப்ஸ் மட்டும்தான் தின்னும்" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. எலின் சாட்டர் என்ற அமெரிக்க உணவு ஆலோசகர் இதற்கு ஒரு பங்கீடு சொல்கிறார். என்ன சமைப்பது, எப்போது, எங்கே சாப்பிடுவது என்பதெல்லாம் பெரியவர்கள் கையில். எவ்வளவு சாப்பிடுவது, சாப்பிடுவதா வேண்டாமா என்பது பிள்ளை கையில். சிப்ஸ் பாக்கெட் வாங்கி வைக்காமல் இருப்பது நம் பொறுப்பு. வைத்த சோற்றில் அளவு சொல்வது அதன் பொறுப்பு. செல்போனைக் கையில் கொடுத்து வாயில் தள்ளுகிறோமே, அதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். தான் என்ன விழுங்குகிறோம் என்றே தெரியாத பிள்ளைக்குப் போதும் என்று எப்படித் தோன்றும்?

எங்கள் வீட்டில் ஒன்பது வயது மகள் இப்போது தானே போட்டுக்கொள்கிறாள். முதல் இரண்டு வாரம் கண்ணுக்குத் தெரிந்ததையெல்லாம் அள்ளிப் போட்டு மிச்சம் வைத்தாள். எனக்குக் கை பரபரத்தது, பொறுத்துக்கொண்டேன். மிச்சத்தை டப்பாவில் போட்டு ராத்திரிக்கு அவளுக்கே வைத்தேன், நான் சாப்பிடவில்லை. அப்புறம் கொஞ்சமாகப் போட்டுக்கொண்டு, வேண்டுமானால் மறுபடி போட்டுக்கொள்ளப் பழகிவிட்டாள். சில நாள் அரைத் தோசையோடு எழுந்துவிடுகிறாள். மறுநாள் காலையில் நாலு இட்லி.

ஊரிலிருந்து அம்மா வந்திருந்தார். பேத்தி தட்டுக்கு மேல் கையை வைத்து, "போதும் ஆச்சி" என்றாள். கரண்டி அந்தரத்தில் நின்றது. என்னைப் பார்த்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. "சரி தாயி" என்று சோற்றைச் சட்டியிலேயே போட்டுவிட்டார்.

அன்று அம்மாவைக் கடைசியில் உட்கார விடவில்லை, எங்களோடு உட்கார வைத்தேன். கரண்டியை எடுத்துக்கொண்டு, "உங்களுக்கு எவ்வளவும்மா போடட்டும்?" என்று கேட்டேன். சட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். 68 வயதாகிறது அவருக்கு. "எனக்கென்ன தெரியும், நீ போடுறதப் போடு" என்றார்.

கரண்டியை அவர் கையில் கொடுத்தேன். ரொம்ப நேரம் யோசித்துவிட்டுப் பாதிக் கரண்டி போட்டுக்கொண்டார். ஒத்தையாகப் போடக்கூடாது என்று இன்னொரு பாதியும்.