நாங்கதான் அப்பவே சொன்னோமே!

அந்த ஸ்கிரீன்ஷாட்டை இன்னும் எத்தனை பேர் எனக்கு அனுப்பப் போகிறீர்கள்? பார்த்துவிட்டேன் சாமி. எங்கள் ரசிகர் குழுவில் ஒருவர் போட்டபோதே பார்த்தேன், அதற்குக் கீழே வரிசையாக விழுந்த நெருப்பு எமோஜிகளையும் பார்த்தேன். ஜூன் மாதத்தில் "ஆஸி படுத்த படுக்கை, வில்லா பார்க் கச்சேரி நடக்கவே நடக்காது, உள்வட்டாரத் தகவல்" என்று போட்ட பழைய பதிவைத் தூசி தட்டி எடுத்து, அதன் தலையில் "நாங்கதான் அப்பவே சொன்னோமே" என்று ஒரு வரி ஒட்டியிருக்கிறார். அதுவும் எந்த நாளில்? 2025 ஜூலை 30, இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் பிராட் ஸ்ட்ரீட் வழியாக அந்த மனிதரின், பிளாக் சப்பாத் என்ற ஹெவி மெட்டல் இசைக்குழுவின் பாடகர் ஆஸி ஆஸ்பர்னின், சவ ஊர்வலம் போய்க்கொண்டிருந்த நாளில். பெயரைச் சொல்லப்போவதில்லை. குழுவில் இருப்பவர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்குத் தேவையில்லை.

முதலில் கணக்கைச் சரிபார்த்துவிடுவோம். பதிவு சொன்னது, கச்சேரி நடக்காது. நடந்ததா இல்லையா? 2025 ஜூலை 5, சனிக்கிழமை, பர்மிங்ஹாமின் வில்லா பார்க் கால்பந்து அரங்கம், நாற்பதாயிரம் பேருக்கு மேல் கூட்டம். மதியம் தொடங்கியது. மெட்டாலிகா, கன்ஸ் அண்ட் ரோஸஸ், ஸ்லேயர், டூல், பான்டெரா என்று ஹெவி மெட்டலில் பெயர் சொல்லும்படியான ஆட்கள் எல்லாம் வந்து, ஆளுக்குக் கொஞ்சமாக வாசித்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார்கள். இரவு மேடைக்கு அடியிலிருந்து ஒரு கறுப்புச் சிம்மாசனம் எழும்பி வந்தது. அதில் ஆஸி ஆஸ்பர்ன். தனியாக ஐந்து பாட்டு. அப்புறம் பழைய கூட்டாளிகளான கிதார்காரர் டோனி அயோமி, கீஸர் பட்லர், பில் வார்ட் மூவரும் வந்து சேர, பிளாக் சப்பாத்தாக நான்கு பாட்டு. அந்த நால்வரும் ஒரே மேடையில் நின்று இருபது வருஷம் ஆகியிருந்தது.

நம் ஊர் நேரத்துக்கு விடியற்காலையில் கண் எரிய எரிய அதைப் பார்த்தவன் நான். குரல் அங்கங்கே பிசிறியது, மறுக்கவில்லை. பாட்டுக்கு நடுவில் இரண்டு கையாலும் இருக்கையின் பிடியை அழுத்தி எழப் பார்ப்பார். தோள் முன்னே வரும், இடுப்புக்குக் கீழே ஒன்றும் கூட வராது. திரும்பவும் சாய்ந்துகொண்டு, கண்ணை உருட்டி, கூட்டத்தைப் பார்த்துக் கை தட்டச் சொல்வார். ஆறு வருஷமாகப் படுத்துக் கிடந்தேன், இந்த மேடையில் இருப்பது எனக்கு எப்படி இருக்கிறது என்று உங்களுக்குப் புரியாது என்று மைக்கிலேயே சொன்னார்.

"சரி, கச்சேரி நடந்தது. ஆனால் பதினேழே நாளில் போய்ச் சேர்ந்துவிட்டாரே, அப்போ நாங்கள் சொன்னது சரிதானே?" இதுதான் அவர்களுடைய வாதம். ஜூலை 22, வயது 76. ஆமாம், போய்விட்டார். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தால் அது காக்கையின் ஞானமா?

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். அவர் உடம்பைப் பற்றிச் சொல்ல வேண்டியவர் அவர். அவர் சொல்லிவிட்டார். ஒளிக்காமல், மழுப்பாமல், வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டே இருந்தார். 2019இல் நிமோனியா வந்ததும், வீட்டில் விழுந்ததும், 2003இல் நாலு சக்கரக் குவாட் பைக் விபத்துக்குப் பிறகு உடம்பில் வைத்த உலோகக் கம்பிகள் அந்த விழுகையில் இடம் பெயர்ந்ததும் நமக்கு எப்படித் தெரியும்? அவர்கள் வீட்டார் சொல்லித்தான். பார்கின்சன் என்ற நரம்பு நோய் இருக்கிறது என்று 2020 ஜனவரியில் மனைவி ஷரனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தொலைக்காட்சியில் சொன்னார். இனி ஊர் ஊராகப் போய்க் கச்சேரி செய்ய உடம்பில் தெம்பில்லை என்று 2023 பிப்ரவரியில் அறிக்கை விட்டவரும் அவரே. அதே வருஷம் கலிஃபோர்னியாவில் ஒரு பெரிய விழாவுக்கு ஒப்புக்கொண்டிருந்தார். முடியாது என்று தெரிந்ததும் மூன்று மாதம் முன்னாடியே ஒதுங்கிக்கொண்டார். 2025 தொடக்கத்தில் தன் ரேடியோ நிகழ்ச்சியில், என்னால் நடக்க முடியவில்லை, ஆனாலும் உயிரோடு இருக்கிறேனே என்று சிரித்துக்கொண்டார். மே மாதம் ஒரு பிரிட்டிஷ் நாளிதழுக்குப் பேசும்போது, காலில் ரத்தம் உறைவது, ரத்த அழுத்தம், வீட்டோடு தங்கிப் பயிற்சி கொடுக்கும் ஆள், வாரத்தில் நான்கு நாள் வந்து குரல் பயிற்சி கொடுப்பவர் என்று எல்லாவற்றையும் சொன்னார். மேடையில் உட்கார்ந்துகொண்டுதான் பாடுவேன் போலிருக்கிறது என்றும் சொல்லிவிட்டார்.

இதற்கு மேல் என்ன உள்வட்டாரம் வேண்டும்? நாளிதழில் அச்சாகி வந்ததைப் படிக்காமல், "ரகசியத் தகவல்" என்று பரப்புவதற்குப் பெயர் செய்தியா? அவர் சொன்னது, "முடியவில்லை, ஆனாலும் வருகிறேன்". வதந்தி முதல் பாதியை எடுத்துக்கொண்டு இரண்டாவது பாதியை வெட்டி எறிந்தது. எனக்கு எரிச்சல் வருவது அந்த வெட்டில்தான்.

இப்போது வரிசையாக வருவார்கள். "டிக்கெட் வாங்கியவனுக்குத் தெரிந்துகொள்ள உரிமை இல்லையா? விமானம் ஏறிப் போகிறவன், அறை எடுத்தவன் எல்லாம் என்ன செய்வது?" நியாயமான கேள்வி. உரிமை உண்டு. ஆனால் அதைக் கச்சேரி நடத்துகிறவனிடம் கேட்க வேண்டும். 2022 ஜூன் 13 அன்று ஆம்ஸ்டர்டாமில் ரோலிங் ஸ்டோன்ஸ் பாடகர் மிக் ஜாகருக்குக் கொரோனா என்று தெரிந்தபோது ரசிகர்கள் அரங்கத்துக்குள் வந்து உட்கார்ந்தேவிட்டார்கள். அப்போதும் மறைக்கவில்லை, அறிவித்தார்கள், ரத்து செய்தார்கள், ஜூலையில் அதே ஊரில் வந்து பாடினார்கள். 2019இல் அவருக்கு இதய வால்வு மாற்றியபோதும் அப்படித்தான். பயணத்தைத் தள்ளிவைக்கிறோம் என்று சொல்லிவிட்டு ஏப்ரலில் சிகிச்சை, ஜூன் 21 சிகாகோவில் மேடை. நடுவில் அவர் ஆடுகிற வீடியோவை அவரே போட்டார். இந்த இடைவெளியை வதந்தியால் நிரப்பியவர்கள் யாருக்கு டிக்கெட் பணத்தைத் திருப்பி வாங்கிக் கொடுத்தார்கள்?

இதே ஜூலையில் இன்னொரு பிரிட்டிஷ் பாடகர் பில் காலின்ஸ் கடைசிக் கட்டத்தில் இருக்கிறார் என்று கிளப்பினார்கள். அவர் தரப்பிலிருந்து வந்த பதில், முழங்கால் அறுவை சிகிச்சைக்கு மருத்துவமனையில் இருக்கிறார். முழங்கால்! அதற்கு யாராவது "நாங்கதான் தப்பாச் சொன்னோம்" என்று ஸ்கிரீன்ஷாட் போட்டார்களா? போட மாட்டார்கள். பலித்ததை மட்டும்தான் சட்டம் போட்டு மாட்டுவார்கள்.

இன்னொருவர் கொஞ்சம் சாமர்த்தியமாகக் கேட்டார். "வௌவால் தலையைக் கடித்த கதையில் வாழ்ந்தவர்தானே ஆஸி, வதந்திதானே அவருக்குச் சோறு போட்டது?" சிரித்தேன், கொஞ்சம் உண்மையும் இருக்கிறது. ஆனால் அது வதந்தி இல்லை சார். 1982 ஜனவரி 20, அயோவா மாநிலம் டெ மொய்ன், உண்மையிலேயே கடித்தார், ரப்பர் பொம்மை என்று நினைத்தேன் என்றார், நாய்க்கடிக்குப் போடுகிற ஊசியெல்லாம் போட்டுக்கொண்டார். பின்னால் தலை கழற்றக்கூடிய வௌவால் பொம்மை போட்டு விற்கவும் செய்தார். தன் கதையைத் தான் விற்பதற்கும், அடுத்தவன் சாவை நீங்கள் விற்பதற்கும் வித்தியாசம் தெரியவில்லை என்றால் எனக்கு விளக்கப் பொறுமை இல்லை.

"எங்கேயோ பர்மிங்ஹாம் ஆஸ்டனில் வளர்ந்த கிழவருக்காக இங்கே ஏன் இவ்வளவு கொதிப்பு?" என்று கேட்டவருக்கு மட்டும் பொறுமையாகப் பதில் சொல்கிறேன்.

என் சின்ன மாமா எங்கள் பக்கத்து மெல்லிசைக் குழு ஒன்றில் லீட் கிதார் வாசித்தவர். கோயில் திருவிழா, கல்யாண வரவேற்பு, கட்சிக் கூட்டத்துக்கு முந்தைய பாட்டு, எல்லாம் உண்டு. பிளாக் சப்பாத் கேசட்டை என் கையில் கொடுத்தவர் அவர்தான். அயோமியின் கதையை அவர் சொல்லித்தான் முதலில் கேட்டேன். பதினேழு வயதில் தகரம் வெட்டும் எந்திரத்தில் வலது கையின் இரண்டு விரல் நுனி போய்விட்டது, இனிமேல் கிதார் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள், அந்தப் பையன் ஒரு பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்து மாட்டிக்கொண்டான், அழுத்தினால் வலிக்கிறது என்று பின்னால் தந்தியைத் தளர்த்திக் கட்டினான், அந்தக் கனமான சத்தம் அங்கிருந்து வந்ததுதான் என்று வாசித்துக் காட்டிக்கொண்டே சொல்வார்.

மாமாவுக்கும் பார்கின்சன் வந்தது. நடுக்கம் முதலில் இடது கையில். இந்த நோயில் ஒரு விசித்திரம் உண்டு, வீட்டில் யாருக்காவது இருந்தால் தெரிந்திருக்கும். கை சும்மா மடியில் கிடக்கும்போதுதான் நடுக்கம் அதிகம். ஒரு வேலையில் இறங்கினால் பலருக்கு அது அடங்கும். மாமாவுக்கு அப்படித்தான். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தால் கட்டைவிரல் பீடி உருட்டுகிற மாதிரி ஆடிக்கொண்டே இருக்கும். அதே கை கிதாரின் கழுத்தைப் பிடித்தால் நின்றுவிடும். ஆனால் ஊர் பார்த்தது டீக்கடைக் கையைத்தானே. "குடிச்சுக் குடிச்சுக் கை போயிடுச்சு" என்று ஆரம்பித்து, "பக்கவாதமாம்", "எந்திரிக்கவே முடியலையாம்" வரைக்கும் போனது. மனுஷன் ஆயுசில் குடித்ததில்லை.

பங்குனித் திருவிழாவுக்கு அவர் குழுவைப் பேசி வைத்திருந்தார்கள். ஒரு நாள் விழாக் கமிட்டியிலிருந்து ஒருவர் நலம் விசாரிக்க வந்தார். கையில் ஹார்லிக்ஸ் பாட்டில், ஒரு பையில் சாத்துக்குடி. மாமா திண்ணையில் உட்கார்ந்து கிதாருக்குப் புதுத் தந்தி மாட்டிக்கொண்டிருந்தார். வந்தவர் அந்தக் கையைப் பார்த்தார், தந்தியைப் பார்த்தார், பேச்சு வரவில்லை. ஹார்லிக்ஸை வைத்துவிட்டு, "உடம்பைப் பார்த்துக்கங்கண்ணே" என்று கிளம்பிப் போனார். வேறு குழுவுக்கு முன்பணம் கொடுத்தாகிவிட்டது என்பது அப்புறம்தான் தெரிந்தது. மாமாவிடம் ஒரு வார்த்தை, "முடியுமா அண்ணே?" என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஊரே சொன்ன பிறகு அவரிடம் எதற்குக் கேட்பது?

மாமா என்னிடம் புலம்பவில்லை. சாத்துக்குடியை மட்டும் பிழிந்து கொடுக்கச் சொன்னார். புலம்பியிருந்தால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேனோ என்னவோ.

அதனால்தான் அந்தச் சிம்மாசனத்தில் உட்கார்ந்திருந்த மனிதரைப் பார்த்தபோது எனக்கு அது வெறும் கச்சேரியாக இல்லை. சின்ன வயதில் அவர் மேட்ச் நாட்களில் வந்து நிற்கும் கார்களுக்குக் காவல் இருப்பதாகச் சொல்லிச் சில்லறை வாங்கிய அதே அரங்கம். வளர்ந்த தெருவிலிருந்து நடக்கிற தூரம். அங்கே வந்து பாடிவிட்டுத்தான் போவேன் என்று முடிவு எடுத்தவர் அவர். அதை முடியாது என்று முடிவு எடுக்க நீங்கள் யார்?

கச்சேரி முடிந்த பிறகாவது விட்டார்களா? ஏஐ வைத்து, நான் சாகப்போகிறேன் என்று ஆஸியே சொல்வது போல ஒரு வீடியோ. மகள் கெல்லி வந்து, அப்பா சாகக் கிடக்கவில்லை, பார்கின்சன் இருக்கிறது, நடமாட்டம் முன்போல இல்லை, உங்களுக்கெல்லாம் என்ன கேடு என்று கத்த வேண்டியிருந்தது. நம் குழுவில் இப்போது அதையும் வைத்துக் கேலி, "பொண்ணு பொய் சொல்லிட்டா". இறப்புச் சான்றிதழில் மாரடைப்பு என்று இருக்கிறது. இதய ரத்தக்குழாய் நோயும் பார்கின்சனும் சேர்ந்து இருக்கின்றன, சரி, அதையும் சொல்லிவிடுகிறேன், பிறகு அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு வர வேண்டாம். அப்பாவுக்கு எந்த நாளில் மாரடைப்பு வரும் என்று மகள் முன்கூட்டியே அறிக்கை விட்டிருக்க வேண்டுமா? உங்கள் வீட்டில் யாராவது ஐசியூவில் இருக்கும்போது வாசலில் ஒருத்தன் வந்து "இன்னும் எத்தனை நாள்?" என்று கேட்டால் சரியான தேதி கொடுத்து அனுப்புவீர்களா?

பிராட் ஸ்ட்ரீட்டில் அந்தக் குடும்பம் பூ வைக்க இறங்கியதைப் பார்த்தீர்களா? பிளாக் சப்பாத் பாலத்தில் ஷரனால் நிற்க முடியவில்லை, பிள்ளைகள் தாங்கிப் பிடித்திருந்தார்கள். அந்த நேரத்தில்தான் இங்கே நெருப்பு எமோஜி.

உணர்ச்சிவசப்படாதீங்க ப்ரோ என்று கமெண்ட் போட வருகிறவர்கள் வரலாம், பதில் எதிர்பார்க்க வேண்டாம். அட்மின் அண்ணனுக்கு ஒரு வேண்டுகோள். நான் குழுவிலிருந்து வெளியே வந்துவிட்டேன், கை தவறிப் போனதில்லை, திரும்பச் சேர்க்காதீர்கள். "அடுத்து அயோமிதானாம்" என்று நேற்று ஒருவர் ஆரம்பித்ததையும் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். 2012இல் அவருக்கு லிம்போமா என்ற புற்றுநோய் வந்தபோது அதை அவர் தரப்பிலிருந்தேதான் சொன்னார்கள். இப்போதும் ஏதாவது என்றால் அவரே சொல்லிக்கொள்வார்.