அந்த ஸ்கிரீன்ஷாட்டில் கரண்ட் பில் எங்கே?

நேற்று ஒரு பிட்காயின் மைனிங் குழுவில் ஒருவர் தன் மைனிங் வருமானத்தைக் காட்டி ஒரு ஸ்கிரீன்ஷாட் போட்டார், அங்கே நடந்ததை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அந்த ஸ்கிரீன்ஷாட்டை மறுபடியும் இங்கே போட எனக்கு விருப்பமில்லை. அதன் கீழே நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி: "மாதம் எத்தனை யூனிட் ஓடுகிறது?" அரை மணி நேரத்தில் கமெண்ட்டைக் காணோம். கொஞ்ச நேரத்தில் என்னையும் குழுவிலிருந்து எடுத்துவிட்டார்கள். அதற்கு முன்பு ஒருவர் எனக்கு "வயிற்றெரிச்சல்" என்று எழுதியிருந்தார். அதற்கு வரிசையாகச் சிரிப்பு எமோஜிகள். அதில் எனக்கு நன்றாகத் தெரிந்தவர்களும் இருந்தார்கள்.

வலித்தது, மறைக்கவில்லை. ஆனால் இரவு தூக்கம் வராமல் போனது அதனால் இல்லை, அதற்குக் கீழே வந்துகொண்டிருந்த கேள்விகளால். "அண்ணா, நான் புதுசு, எந்த மெஷின் வாங்கலாம்?" "லோன் போட்டு எடுத்தா எத்தனை மாசத்துல அடையும்?" இவர்களில் ஒருவருக்குக்கூட அங்கே யாரும் கரண்ட் பற்றிச் சொல்லவில்லை. சொல்ல வந்தவனை வெளியே அனுப்பிவிட்டார்கள்.

அதனால் இங்கே சொல்கிறேன். மைனிங் என்பது பிட்காயின் பரிமாற்றங்களைக் கருவி வைத்துச் சரிபார்த்துப் பதிந்து, பரிசாகப் புதுக் காயின் வாங்கும் வேலை. சாதாரண வீட்டுக் கரண்ட்டில் புதிதாக இதில் இறங்குபவருக்கு லாபம் இல்லை. கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன்.

பரிமாற்றங்களைத் தொகுத்துப் பதியும் ஒவ்வொரு தொகுப்பும் ஒரு பிளாக். 2024 ஏப்ரலில் நடந்த ஹால்விங்குக்குப் (பரிசு பாதியாகும் நிகழ்வு) பிறகு ஒரு பிளாக்குக்குக் கிடைப்பது 3.125 பிட்காயின். 2009-இல் அது 50 ஆக இருந்தது. பத்து நிமிடத்துக்கு ஒரு பிளாக் என்றால் ஒரு நாளைக்கு 144 பிளாக். ஆக உலகத்தில் உள்ள அத்தனை மைனர்களும் பங்கு போட்டுக்கொள்வது நாளொன்றுக்கு 450 பிட்காயின். பரிமாற்றக் கட்டணம் கொஞ்சம் மேலே வரும், அவ்வளவுதான்.

இப்போது நீங்கள் சில ஆயிரம் டாலர் போட்டு ஆன்ட்மைனர் எஸ்21 என்ற மைனிங் கருவி வாங்குகிறீர்கள். அதன் கணக்கிடும் வேகம் 200 டெராஹாஷ், தின்னும் கரண்ட் 3,500 வாட். நாள் முழுக்க ஓடினால் 84 யூனிட். ஹால்விங் சமயத்தில் மொத்த நெட்வொர்க்கின் வேகம் ஏறத்தாழ 600 எக்ஸாஹாஷ் (ஒரு எக்ஸாஹாஷ் என்பது பத்து லட்சம் டெராஹாஷ்). அதாவது உங்களிடம் இருப்பதைப் போன்ற 30 லட்சம் கருவிகளின் வேகம். 450 பிட்காயினை 30 லட்சத்தால் வகுத்தால் உங்கள் பங்கு 0.00015. அன்றைய விலையில் இது பத்து டாலருக்கும் கொஞ்சம் குறைவு. யூனிட் பத்து சென்ட் என்று வைத்தால் கரண்ட்டுக்கே 8.40 டாலர் போய்விடும். மிச்சம் ஒரு டாலர் சொச்சம். அதில் பூல் (பலர் சேர்ந்து மைன் செய்து பரிசைப் பங்கு போடும் கூட்டு) கட்டணம் கழிய வேண்டும், கருவி பழுதானால் அந்தச் செலவும் இருக்கிறது. தினமும் ஒரு டாலர் என்று வருடம் முழுக்கச் சேர்த்தாலும் 365 டாலர். சில ஆயிரம் டாலர் போட்டவர் அதை எப்போது எடுப்பார்? அதற்குள் அடுத்த தலைமுறைக் கருவி வந்து இதைப் பழசாக்கிவிடும். 2016-இல் எல்லோரும் தேடி வாங்கிய பழைய ஆன்ட்மைனர் எஸ்9 இன்றைக்கு அது தின்னும் கரண்ட்டுக்குக்கூடச் சம்பாதிப்பதில்லை.

அந்த ஸ்கிரீன்ஷாட்டில் வரவு மட்டும்தான் இருந்தது. அதனால்தான் யூனிட் எத்தனை என்று கேட்டேன்.

உடனே வரும் பதில் எனக்குத் தெரியும். "விலை ஏறும், காயினை விற்காமல் வைத்திருந்தால் போதும்." விலை ஏறியதே! 2024 டிசம்பரில் ஒரு லட்சம் டாலரைத் தாண்டியது. ஆனால் விலை ஏற ஏற இன்னும் பல பேர் கருவிகளை இறக்குகிறார்கள். 2,016 பிளாக்குக்கு ஒரு முறை, அதாவது கிட்டத்தட்ட இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, டிஃபிகல்ட்டி (பிளாக் பிடிப்பது எவ்வளவு கடினம் என்ற அளவு) மாறி அதைச் சமன் செய்துவிடுகிறது. 2025-இல் நெட்வொர்க் 1,000 எக்ஸாஹாஷைத் தொட்டது. உங்கள் பங்கு 0.00015-இலிருந்து 0.00009 ஆகிவிட்டது. விலை அவ்வளவு ஏறியும் அதே கருவிக்கு நாள் வருமானம் அதே பத்து டாலர் பக்கம்தான் நின்றது. விலை ஏறும் என்று உண்மையிலேயே நம்புகிறவர் அந்தப் பணத்துக்குக் காயினையே வாங்கலாமே? காயினுக்கு ஃபேன் கிடையாது, சூடாகாது, மாதாமாதம் பில்லும் வராது.

"எங்கள் வீட்டில் சோலார் இருக்கிறது" என்பவர்களுக்கு: சரி, உங்கள் கணக்கு வேறு, போட்டுப் பார்த்துவிட்டு இறங்குங்கள். "கற்றுக்கொள்ளத்தான் செய்கிறேன்" என்றால் தாராளமாகச் செய்யுங்கள், எனக்கும் அது பிடிக்கும். "தனியாளாகச் சின்னக் கருவி வைத்து ஒருவர் முழு பிளாக்கையும் பிடித்தாரே" என்றால், ஆமாம், அப்படி அவ்வப்போது நடக்கிறது. அதே 600 எக்ஸாஹாஷ் கணக்கில் ஒரு எஸ்21 தனியாக ஒரு பிளாக் பிடிக்கச் சராசரியாக 57 வருடம் ஆகும்.

ஆனால் "நீ தோற்றுப்போனாய், அதனால் பேசுகிறாய்" என்று சொன்னவருக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல வேண்டும்.

ஆமாம், தோற்றேன். 2021 நவம்பரில், எதீரியம் என்ற இன்னொரு காயின் உச்சத்தில் இருந்தபோது, அதை மைன் செய்ய ஆறு கிராஃபிக்ஸ் கார்டு வாங்கினேன். தட்டுப்பாட்டுக் காலம், அசல் விலையைப் போல இரண்டு மடங்கு கொடுத்தேன். மூன்று வருடச் சேமிப்பு அது. எனக்குக் காட்டப்பட்டதும் ஒரு ஸ்கிரீன்ஷாட்தான். கார்டுகளைக் கோர்த்த ரிக்கைப் படுக்கையறைக்குப் பக்கத்து அறையில் வைத்தேன். ராத்திரி முழுக்க ஃபேன் சத்தம், கதவைத் திறந்தால் அனல். முதல் மாதம் வந்ததைப் பார்த்து என் மனைவியிடம் பத்து மாதத்தில் போட்டதை எடுத்துவிடலாம் என்றேன். அவள் கேட்டது, "கரண்ட் பில்லைக் கழிச்சுட்டியா?" என்றுதான். கழிக்கவில்லை. அடுத்த கோடைக்குள் எதீரியம் ஆயிரம் டாலருக்கு இறங்கியது. 2022 செப்டம்பர் 15 அன்று எதீரியம் மைனிங்கையே விட்டுவிட்டு வேறு முறைக்கு மாறியது. என் கார்டுகளுக்கு அன்றோடு அங்கே வேலை முடிந்தது. எல்லோரும் மற்ற சின்னக் காயின்களுக்குத் தாவ, அங்கேயும் ஒரே நாளில் வருமானம் விழுந்தது. எல்லோரும் விற்கிற நேரத்தில் நானும் விற்றேன். கிடைத்தது போட்டதில் கால் பங்கு.

இந்த மாற்றம் வரும் என்று பல வருடங்களாகவே பேச்சு இருந்தது. எனக்கு விற்றவருக்கும் தெரியும். கேட்டபோது "அது தள்ளிப் போய்க்கொண்டே இருக்கும் தம்பி" என்றார். அவர்மேல் இன்னும் கோபம் இருக்கிறது. நேற்று அந்தக் கேள்வியைக் கேட்க வைத்ததும் அதுதான். பட்டவன் பேசக்கூடாது என்றால் வேறு யார் பேசுவது? விற்பவரா?

பெரிய ஆட்களே தாங்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் மிகப் பெரிய மைனிங் நிறுவனங்களில் ஒன்றான கோர் சயின்டிஃபிக் 2022 டிசம்பரில் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. மலிவுக் கரண்ட், ஆயிரக்கணக்கான கருவிகள், பொறியாளர்கள் எல்லாம் இருந்தும் இதுதான் நிலை. பிறகு அது மீண்டு வந்தது உண்மை. கடன் வாங்கி ஒரே ஒரு மெஷின் எடுக்கும் பையனை எந்த நீதிமன்றம் மீட்டுத் தரும்?

இன்னொன்றும் மனதை அரிக்கிறது. அந்தப் பதிவின் கடைசியில் "மெஷின் வாங்க முடியாதவர்கள் இன்பாக்ஸ் வாருங்கள், கிளவுட் மைனிங் இருக்கிறது" என்று ஒரு வரி. கிளவுட் மைனிங் என்றால் கருவி அவர்களிடம் ஓடும், நீங்கள் பணம் கட்டி அதில் பங்கு வாங்குவது. அப்படி விற்ற ஹாஷ்ஃப்ளேர் என்ற நிறுவனம் என்ன ஆனது என்று தேடிப் பாருங்கள். உலகம் முழுக்க மக்களிடம் 50 கோடி டாலருக்கு மேல் ஒப்பந்தம் விற்றார்கள். சொன்ன அளவுக்கு அவர்களிடம் கருவிகளே இல்லை. நடத்திய இருவரும் 2025-இல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். மைனிங் பங்கு என்று சொல்லிப் பணம் வாங்கிய பிட்கிளப் நெட்வொர்க்கின் கதையும் கிட்டத்தட்ட இதுதான், அங்கே 72 கோடி டாலர். இரண்டிலும் திரையில் வருமானம் தினமும் ஏறிக்கொண்டேதான் இருந்தது. திரையில் எண்ணை ஏற்றிக்காட்டக் கருவி எதற்கு?

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அந்தக் குழுவிலிருந்து ஒரு தம்பி இன்பாக்ஸில் வந்தான். என் கமெண்ட்டை அழிப்பதற்கு முன்பே படித்தானாம். "அட்வான்ஸ் கட்டிட்டேன் அண்ணா, இப்ப என்ன பண்றது?" என்கிறான். படிப்புக்கு வைத்திருந்த பணம். அவனுடைய வீட்டு பில்லைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன், மெஷின் மாடலையும் கேட்டிருக்கிறேன். இன்று ராத்திரி இரண்டு பேரும் உட்கார்ந்து கணக்குப் போடப்போகிறோம். அட்வான்ஸைத் திரும்பக் கேட்கும் கடிதத்தையும் நானே எழுதித் தருகிறேன்.

அந்தக் குழுவின் அட்மின் இதைப் படிப்பார் என்று தெரியும். என்னைத் திரும்பச் சேர்க்க வேண்டாம். என் கமெண்ட்டை மட்டும் பழைய இடத்தில் போடுங்கள். அந்த ஸ்கிரீன்ஷாட்டுக்கு நேர் கீழே. மாதம் எத்தனை யூனிட்?