பச்சை விளக்கு எரிந்தால் சுருதி சேர்ந்துவிடுமா?

"சுருதி கொஞ்சம் கலைஞ்சிருந்துச்சு அண்ணே. நீங்க பேசிட்டு வர்றதுக்குள்ள நானே ட்யூன் பண்ணி வச்சுட்டேன். பத்துத் தந்தியும் பச்சை!"

இந்த மூன்று வாக்கியங்களால் என் சனிக்கிழமை மாலை நாசமாய்ப் போனது. மூன்று மணி நேர ஒத்திகையில் இரண்டரை மணி நேரம். என் வாத்தியம் பெடல் ஸ்டீல்: மேசை மாதிரி கால்மேல் நிற்கிற கிட்டார், தந்திகள்மேல் பார் என்ற உலோக உருளையை நகர்த்தி, பெடலாலும் முழங்கால் லீவராலும் சுருதியை மாற்றி வாசிப்போம். அதை வாசிக்கிறவர்கள் இதைப் படித்தால் இந்நேரம் பல்லைக் கடித்திருப்பீர்கள், உங்களுக்கு மேற்கொண்டு விளக்கவே வேண்டாம். ஆனாலும் சொல்லப்போகிறேன். சொல்லாவிட்டால் இன்றைக்கு எனக்குத் தூக்கம் வராது.

நான் வந்து, கால்களை மாட்டி, பெடல் ராடுகளைக் கோத்து, அரை மணி நேரம் உட்கார்ந்து காதால் சுருதி சேர்த்து வைத்திருந்தேன். போன் வந்தது. வெளியே போய்ப் பேசினேன். பத்து நிமிஷம்தான். அதற்குள் கீபோர்டு வாசிக்கிற தம்பி சுருதி சரியென்றால் பச்சையும் பிசகினால் சிவப்பும் காட்டுகிற கிளிப் ட்யூனரை எடுத்து மாட்டி, ஒவ்வொரு தந்தியையும் மீட்டிப் பார்த்து, சிவப்பு எரிந்த இடத்திலெல்லாம் திருகியிருக்கிறான். அடுத்தவர் வாத்தியத்தைக் கேட்காமல் தொடுவது எந்த ஊர் பழக்கம்?

கலைஞ்சிருந்துச்சாம்! அது கலையவில்லை தம்பி, அப்படித்தான் இருக்க வேண்டும். இந்தப் பத்துத் தந்திகளைச் சேர்க்கும் முறைக்கு இ-நைன் ட்யூனிங் என்று பெயர். அதில் இ-யை ஷட்ஜம் என்று வைத்துக்கொண்டால் ஜி ஷார்ப் அதன் அந்தர காந்தாரம். தம்புராவின் ஷட்ஜத் தந்தியை மீட்டிக் காதைக் கொடுத்தால் தானாக எழும்பி வருமே, அந்தக் காந்தாரம். அது ஷட்ஜத்திலிருந்து 386 சென்ட் தூரத்தில் இருக்கிறது (கீபோர்டில் ஒரு ஸ்வரத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே 100 சென்ட்). கீபோர்டின் காந்தாரம் 400 சென்டில். அந்த 14 சென்ட் வித்தியாசத்தைக் கீபோர்டில் காது பொறுத்துக்கொள்கிறது, அங்கே பியானோ ஒலியில் ஸ்வரம் சீக்கிரம் அடங்கிவிடும். ஸ்டீலில் மூன்று தந்திகள் சேர்ந்து நெடுநேரம் ஒலித்துக்கொண்டே இருக்கும். வால்யூம் பெடலால் இன்னும் இழுப்போம். அந்த நீட்டத்தில் 14 சென்ட் பிசகு வொவ்-வொவ்-வொவ் என்று அலையடிக்கும். அதனால்தான் நான் ஜி ஷார்ப்பை ட்யூனர் காட்டும் இடத்துக்குக் கீழே வைக்கிறேன். பி-யை சி ஷார்ப்பாக ஏற்றுகிற ஏ பெடலையும், இ-யை எஃப் ஆக ஏற்றுகிற எஃப் லீவரையும் சேர்த்துப் பிடிக்கும்போது வருகிற எஃப் இன்னும் மோசம், கிட்டத்தட்ட 30 சென்ட் கீழே இருந்தால்தான் அந்தக் கார்டு, அதாவது சேர்ந்தொலிக்கும் ஸ்வரக் கூட்டு, நிற்கும். அங்கே பச்சை எரிந்தால்தான் தப்பு!

சரி, மறுபடி சேர்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். நான்காவது (இ), ஐந்தாவது (பி), ஆறாவது (ஜி ஷார்ப்) தந்திகளைச் சேர்த்து மீட்டினேன். அலையடித்தது. ஆறாவதின் ட்யூனிங் கீயைத் தளர்த்தி ஜி ஷார்ப்பை இறக்கினேன். அலை நின்றது. பி பெடலை மிதித்தேன், ஜி ஷார்ப் ஏ-வாக ஏறியது. காலை எடுத்தேன். திரும்பி வந்த ஜி ஷார்ப் பழைய இடத்தில் இல்லை. ஐந்தாறு சென்ட் மேலே நின்றது. மறுபடி மிதித்து எடுத்தேன், இந்தத் தடவை கொஞ்சம் கீழே. மறுபடி. வேறொரு இடம். ஒரு தந்தி ஒரே இடத்துக்குத் திரும்பி வர மாட்டேன் என்றால் அதை எங்கே என்று சேர்ப்பது?

முதலில் தந்தியைச் சந்தேகப்பட்டேன். கழற்றிப் போட்டுப் புதுசு மாட்டினேன். புதுத் தந்தி நீளும், உங்களுக்குத் தெரியும். கையால் இழுத்துவிட்டு, சேர்த்து, இழுத்துவிட்டு, சேர்த்து, கால் மணி நேரம் போயிற்று. பெடலை மிதித்தேன். அதே கதை. அப்புறம் ரோலர் நட், கீ பக்கம் தந்தி ஏறிப் போகிற குட்டி உருளை. பெடலை மிதிக்கும்போது தந்தி அதன் மேல் நகர வேண்டும், அங்கே அழுக்குச் சிக்கினால் திரும்பாது. துடைத்தேன், ஒரு சொட்டு எண்ணெய் விட்டேன். அதே கதை. பெட்டி வளைகிறதோ என்று பார்த்தேன். பெடலை மிதிக்கும் விசையில் மரப்பெட்டியே மயிரிழை வளைந்து, தொடாத தந்திகளும் சில சென்ட் இறங்கும். எல்லா ஸ்டீலிலும் கொஞ்சம் உண்டு. நான்காம் தந்தியை ஒலிக்கவிட்டு ஏ, பி இரண்டையும் சேர்த்து மிதித்தேன். வழக்கமாக இறங்குகிற அளவுதான் இறங்கியது. ஜி ஷார்ப்பை எஃப் ஷார்ப்புக்கு இறக்குகிற லீவரின் திருப்பு ஸ்பிரிங் தளர்ந்துவிட்டதோ? அதையும் ஒரு சுற்று முறுக்கிப் பார்த்தேன். ஊஹும். பழையபடியே திருப்பி வைத்தேன்.

இதற்கிடையில் டிரம்ஸ்காரர் வேறு: "அதான் பார் கையில இருக்கே சார், கொஞ்சம் முன்னபின்ன நகர்த்தி வாசிங்களேன்."

ஐயா, பாரை நகர்த்தினால் அதன் கீழே இருக்கிற எல்லாத் தந்தியும் சேர்ந்துதான் நகரும். தந்திகளுக்குள் இருக்கிற சண்டை அப்படியே இருக்கும். முழுக் கார்டும் ஏறும் இறங்கும், அவ்வளவுதான். ஸ்டீலில் தந்தியை அழுத்தி நிறுத்தும் ஃப்ரெட் கட்டைகள் இல்லை, அதனால் சுருதி முக்கியமில்லை என்று யார் கிளப்பிவிட்டது? ஃப்ரெட் இல்லாததால்தான் எல்லாப் பாரமும் காதின் மேல் விழுகிறது. 1954இல் வெளிவந்த ஒரு பாட்டில் அமெரிக்க ஸ்டீல் கலைஞர் பட் ஐசக்ஸ், ஒலித்துக்கொண்டிருக்கும் தந்தியைப் பெடலால் வளைத்துக் காட்டினார். அதிலிருந்து இந்த வாத்தியத்தின் உயிரே அதுதான்: இரண்டு ஸ்வரம் அசையாமல் நிற்க, மூன்றாவது வழுக்கிக்கொண்டு வந்து அவற்றின் பக்கத்தில் உட்காரும். அது சரியாக உட்காருகிறதா என்பதைத்தான் கேட்கிறவன் காது கவனிக்கிறது. வேறு எந்த வாத்தியத்திலாவது சுருதிப் பிழை இப்படி ஊர்வலமாக வந்து நிற்குமா?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எல்லாத் தந்தியையும் சுத்தமாகச் சேர்த்து வைத்துவிட்டால் தீர்ந்ததே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். தீராது. எஃப் ஷார்ப்பை எடுத்துக்கொள்ளுங்கள். பி ஸ்வரத்துக்குப் பஞ்சமமாகச் சுத்தமாக வைத்தால் ட்யூனர் காட்டும் இடத்துக்கு 4 சென்ட் மேலே வரும். ஏ, பி பெடல்களை மிதித்து எஃப் ஷார்ப் மைனர் கார்டு வாசிக்கப் போனால் அதே எஃப் ஷார்ப் 18 சென்ட் கீழே இருக்க வேண்டும். ஒரே தந்தி, 22 சென்ட் இடைவெளி. சுருதி விகிதமாகச் சொன்னால் 81க்கு 80, அந்தக் கணக்கு ஆயிரக்கணக்கான வருஷமாக யாருக்கும் மசியவில்லை. பெடலை மிதிக்கும்போது எஃப் ஷார்ப்பைக் கொஞ்சம் இறக்கிக்கொடுக்கத் தனி ராடு போட்டுச் சமாளிக்கிறோம். இவ்வளவையும் மனசில் வைத்து, எதை எவ்வளவு விட்டுக்கொடுப்பது என்று மாதக்கணக்கில் தேடிப் பிடித்த சமரசம் அது. அதைத்தான் பத்து நிமிஷத்தில் பச்சையாக்கிவிட்டான்.

கடைசியில் வேறு வழியில்லாமல் பெடல் ராடுகளைக் கழற்றி, கால்களைக் கழற்றி, ஸ்டீலை மேசைமேல் துணி விரித்துக் கவிழ்த்தேன். ஒன்றரை மணி நேரம் போயிருந்தது. பெட்டிக்கு அடியில், பெடலின் இழுப்பைத் தந்திக்குக் கொண்டுபோகிற ராடுகள் தனியாக உண்டு. போன் வெளிச்சத்தில் அவற்றை ஒவ்வொன்றாக விரல் நுனியால் தட்டிக்கொண்டே வந்தேன். பெடல் மிதிக்காதபோது ராடுகளில் துளியாவது தொய்வு இருக்க வேண்டும். முதல் ராடு லேசாக ஆடியது. அடுத்தது ஆடியது. அதற்கடுத்ததும் ஆடியது. ஆறாம் தந்தியின் ராடு மட்டும் ஆடவில்லை. வீணைத் தந்தி மாதிரி விறைத்து நின்றது. அதைப் பிடித்துக்கொண்டே, தந்தியை இழுத்துச் சுருதி மாற்றுகிற சேஞ்சர் பக்கம் பார்த்தேன். ஆறாவது தந்தியைத் தாங்கி அசைகிற ஃபிங்கர் தன் தடுப்பின் மேல் உட்காரவில்லை, நடுவே காகிதம் நுழைகிற அளவு இடைவெளி. வலது கோடியில் அந்த ராடின் நைலான் நட், பக்கத்து நட்டுகளைவிட உள்ளே போயிருந்தது.

"தம்பி, இந்த நட்டைத் தொட்டியா?"

"ஆமாண்ணே. அந்தப் பக்கம் கீ டைட்டா இருந்துச்சு. இது ஈசியா திரும்புச்சு. உங்க ஸ்பேனர் மேலயே இருந்துச்சு."

ஈசியா திரும்புச்சு! அது பெடலை மிதித்துக்கொண்டு ஏ-வைச் சேர்க்கிற நட். திறந்த தந்தியைக் கீயில் சேர்க்க வேண்டும், பெடல் ஸ்வரத்தை நட்டில் சேர்க்க வேண்டும், இந்த வாத்தியத்தின் முதல் பாடம் இது. திறந்த ஜி ஷார்ப்பை நட்டால் ஏற்றினால் ஃபிங்கர் தடுப்பை விட்டு எழும்பி ராடில் தொங்கும். அப்புறம் காலை எடுக்கும்போதெல்லாம் பெடல் எங்கே வந்து நிற்கிறதோ அங்கேதான் ஸ்வரமும் நிற்கும். இதற்குத்தான் தந்தி மாற்றி, எண்ணெய் விட்டு, ஸ்பிரிங்கை முறுக்கி, பெட்டியைச் சந்தேகப்பட்டு இவ்வளவும். முதலிலேயே "நட்டைத் திருகினேன்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இரண்டு நிமிஷத்தில் முடிந்திருக்கும்.

நட்டைத் தளர்த்தினேன். ஃபிங்கர் டொக்கென்று தடுப்பில் உட்கார்ந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டபோது வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. மறுபடி நிமிர்த்தி, கால் மாட்டி, ராடு கோத்து, ஆறாவதைக் கீயால் ஏற்றி, பெடலை மிதித்து ஏ-வை நட்டில் சேர்த்தேன். மிதித்தேன், எடுத்தேன். மிதித்தேன், எடுத்தேன். இருபது தடவை. ஒவ்வொரு தடவையும் அதே ஜி ஷார்ப், அதே இடம். மற்ற ஒன்பது தந்திகளையும் பழையபடி காதால் சேர்த்தேன். ஏ, பி இரண்டையும் மிதித்து மீட்டியபோது கார்டு அலையில்லாமல் கண்ணாடி மாதிரி நின்றது. ட்யூனரில் பாதி சிவப்பு. எரியட்டும்.

ஒத்திகையில் அரை மணி நேரம் மிச்சம். சரி, இரண்டு பாட்டாவது வாசிக்கலாம் என்று உட்காரத் திரும்பினால் என் ஸ்டூலைக் காணோம். மைக் பெட்டி வைக்க யாரோ எடுத்துப்போய்விட்டார்கள். அதற்குப் பதிலாக ஒரு நாற்காலி. கை வைத்த நாற்காலி! முழங்காலால் இடமும் வலமும் லீவர் தள்ள வேண்டும், முழங்கை இரண்டும் தாராளமாக அசைய வேண்டும், கை வைத்த நாற்காலியில் உட்கார்ந்து எவன் ஸ்டீல் வாசிப்பான்? எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்? ஒவ்வொரு இடத்திலும், ஒவ்வொரு தடவையும், கை வைத்த நாற்காலி!