இலவசச் செய்தியும் சந்தாவும்
எந்தச் செய்தியும் எங்காவது இலவசமாகக் கிடைத்துவிடும், அதனால் செய்தி இதழ்களுக்குச் சந்தா கட்டுவது வீண் என்று நான் படித்த ஒரு கட்டுரை சொல்வதை என்னால் முழுதாக ஏற்க முடியவில்லை. தலைப்பும் நான்கு வரியும் கிடைக்கும், சரி. ஆனால் மாதக்கணக்கில் ஆவணங்களைத் தோண்டி எழுதும் புலனாய்வுக் கட்டுரைக்கு யாரோ ஒருவர் செலவு செய்தாக வேண்டுமே. அமெரிக்க நாளிதழான நியூயார்க் டைம்ஸ் 2011இல் கட்டணச் சுவர் எழுப்பியபோது, அதாவது பணம் கட்டினால்தான் இணையத்தில் படிக்கலாம் என்று கட்டுரைகளைப் பூட்டியபோது, மாதம் 20 கட்டுரைகளை இலவசமாக விட்டது. அடுத்த ஆண்டே அதைப் பத்தாகக் குறைத்தது. பிரிட்டனின் கார்டியன் நாளிதழ் இணையதளத்தில் சுவரே எழுப்பாமல் வாசகர்களிடம் நன்கொடை கேட்கிறது. இரண்டுக்குமே வாசகர் பணம் தேவைப்படுகிறது. நான் சந்தா கட்டுவதற்கு முன் ஒரு மாதம், எந்த இதழின் பூட்டிய கட்டுரைகளில் அடிக்கடி போய் முட்டிக்கொள்கிறேன் என்று குறித்து வைத்தேன். பெரிய பெயர் என்பதற்காக வாங்க நினைத்த இதழ் அந்தப் பட்டியலில் ஒரே ஒரு முறைதான் வந்தது! அதை விட்டுவிட்டு, நான் உண்மையிலேயே படிக்கும் சிறிய இதழுக்குக் கட்டினேன். சந்தா முடிந்ததும் நம்மைக் கேட்காமலே தானாகப் புதுப்பித்துப் பணம் பிடிக்கும் முறையைப் பற்றி ஒரு நண்பர் கோபமாக எழுதியிருந்தார், அது நியாயமான கோபம். எனக்கும் ஓர் இதழில் சலுகைக் காலம் முடிந்ததும் சொல்லாமல் கொள்ளாமல் முழுத் தொகையைப் பிடித்துவிட்டார்கள். அப்புறம் எங்கே சேர்ந்தாலும் அன்றைக்கே கைபேசியில் முடிவு தேதிக்கு ஒரு வாரம் முன்பாக நினைவூட்டல் வைத்துவிடுகிறேன்.