ரின்னி பாசிட்டிவ் என்றால் காது சரி என்று அர்த்தமில்லை
டியூனிங் ஃபோர்க்கைத் (தட்டினால் ஒலிக்கும் இசைக்கவை) தட்டிக் காது கேட்பதைப் பார்ப்பதுதான் ரின்னி சோதனை. "ரின்னி சோதனை பாசிட்டிவ் வந்தால் அந்தக் காது நன்றாக இருக்கிறது" என்று ஒரு கட்டுரையில் வந்த வரியை அப்படியே மனப்பாடம் செய்தால் தேர்வில் மாட்டிக்கொள்வீர்கள். ஃபோர்க்கைக் காதருகே பிடிக்கும்போது காற்று வழியில் வரும் ஒலி, காதுக்குப் பின்னால் எலும்பில் வைக்கும்போது எலும்பு வழியில் வருவதைவிட உரக்கக் கேட்பதுதான் பாசிட்டிவ்; எலும்பு வழியில் உரக்கக் கேட்டால் நெகட்டிவ். உள்காதோ எட்டாவது மண்டை நரம்போ (கேட்கும் நரம்பு) பழுதானால் இரண்டு வழியும் சேர்ந்தே குறையும், அதனால் அங்கேயும் பாசிட்டிவ்தான் வரும். (நல்லதுக்கு பாசிட்டிவ் என்று பெயர் வைத்ததே பாதிக் குழப்பத்துக்குக் காரணம்.) இதைவிடப் பெரிய பொறி, ஒரு காது முழுக்கச் செவிடானால் வரும் பொய் நெகட்டிவ்: காதுக்குப் பின்னால் மாஸ்டாய்டு எலும்பில் வைத்த அதிர்வு மண்டையோடு வழியாக எதிர்ப்பக்க உள்காதில் ஒலியை உணரும் காக்ளியாவுக்குப் போய்விடும், சோதிக்கப்படுபவரோ "பின்னால் வைத்தால்தான் கேட்கிறது" என்பார். அதனால்தான் வெபர் சோதனையையும் சேர்த்துப் படிக்க வேண்டும். நெற்றி நடுவில் வைத்த ஒலி, கடத்தல் குறைபாட்டில் (வெளிக்காதிலோ நடுக்காதிலோ ஒலி தடைபடுவது) கெட்ட காதுப் பக்கமும் நரம்புக் குறைபாட்டில் (உள்காதோ நரம்போ பழுதாவது) நல்ல காதுப் பக்கமும் ஒதுங்கும். இந்தச் சோதனைகளுக்கு 128 ஹெர்ட்ஸ் டியூனிங் ஃபோர்க் போதுமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். போதாது, அது காலில் அதிர்வு உணர்வைப் பார்க்க உதவுவது. காதில் வைத்தால் கேட்கிறதா, அதிர்கிறதா என்றே பிரிக்க முடியாது. 512 ஹெர்ட்ஸ் எடுத்து முழங்கையில் தட்டுங்கள். மேசை விளிம்பில் அடித்தால் உபரி ஒலிகள் கிளம்பும்.